முழங்கால் தந்தவர்கள்



இந்த இதழின் அட்டைக் கட்டுரை விளையாட்டு வீரர்களின் முழங்காலைப் பற்றியது. கபடிக் களத்தில் காலை ஊன்றித் திரும்பும்போதும், பந்தைத் துரத்திப் போய்ச் சட்டென்று நிற்கும்போதும் அறுந்துபோகிற ஏ.சி.எல். லிகமென்ட், அதைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நீளும் பயிற்சி என்று எல்லாவற்றையும் விரிவாகத் தந்திருக்கிறோம். வீரர்கள் பேசியிருக்கிறார்கள். மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் பேசியிருக்கிறார்கள். பேச முடியாத ஒரு தரப்பும் இந்தக் கதையில் உண்டு. இந்த மாதம் என் பக்கத்தை அவர்களுக்குக் கொடுக்கிறேன்.

இறந்தபின் தங்கள் உடலை மருத்துவ ஆய்வுக்கு விட்டுச் சென்றவர்களைச் சொல்கிறேன். அறுந்த லிகமென்ட்டுக்குப் பதிலாக வைக்கும் நார் எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும், எலும்பில் எந்த இடத்தில் துளையிட வேண்டும், காலை எவ்வளவு மடக்கி வைத்துக் கட்ட வேண்டும் என்று இன்றைக்கு ஒரு மருத்துவர் தயக்கமில்லாமல் முடிவெடுக்கிறார். அந்த அறிவின் பெரும்பகுதி இறந்தவர்களின் முழங்கால்களிலிருந்து வந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் பையனுக்கோ பெண்ணுக்கோ இது தெரிவதில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் மூட்டைப் பற்றிக் கொஞ்சம். தொடை எலும்பின் அடிமுனை, அதற்குக் கீழே உள்ள கால் எலும்பின் தட்டையான மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது. எலும்புகளின் வடிவம் மட்டும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கப் போதாது. மூட்டுக்கு உள்ளே குறுக்கும் மறுக்குமாக இரண்டு லிகமென்ட்டுகள் ஓடுகின்றன. முன்னால் இருப்பது ஏ.சி.எல்.; பின்னால் இருப்பது பி.சி.எல். பக்கவாட்டில் இன்னும் சில உண்டு. ஏ.சி.எல். முழுதாக அறுந்துவிட்டால் இரு முனைகளும் தாமாகச் சேர்வது அரிது. எனவே நோயாளியின் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் நாணிலிருந்தோ, தொடையின் பின்பக்கம் ஓடும் ஹாம்ஸ்ட்ரிங் நாண்களிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துப் புதிய லிகமென்ட்டாகப் பொருத்துகிறார்கள். அதைக் கிராஃப்ட் என்பார்கள்.

அப்படி எடுத்துப் பொருத்தும் நார் போதுமான வலுவுடையதா? இயற்கையான லிகமென்ட்டின் வலு தெரிந்தால்தானே இதற்குப் பதில் சொல்ல முடியும்? உயிரோடு இருப்பவரின் லிகமென்ட்டை அறும்வரை இழுத்துப் பார்க்க முடியாது. 1976இல் ஃபிராங்க் நோயஸ், எட்வர்ட் குரூட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்தவர்களின் முழங்கால்களை இயந்திரத்தில் மாட்டி, ஏ.சி.எல். அறும்வரை இழுத்தார்கள். 16 முதல் 26 வயது வரையிலானவர்களின் லிகமென்ட் சராசரியாக 1,730 நியூட்டன் வரை தாங்கியது. ஏறக்குறைய 176 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 48 முதல் 86 வயது வரையிலானவர்களுடையது 734 நியூட்டனிலேயே அறுந்தது. பாதிகூட இல்லை.

இந்த இடைவெளியின் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தானமாக வரும் உடல்களில் பெரும்பாலானவை முதியவர்களுடையவை. ஏ.சி.எல். அறுந்து வருகிறவர்களோ பெரும்பாலும் இளைஞர்கள். முதியவரின் முழங்காலை அளந்து, அந்த வலு போதும் என்று ஒரு நாரைத் தேர்ந்தெடுத்தால், அது இருபது வயது வீரரின் காலில் போய்த் தோற்றுவிடும். 1991இல் சாவியோ வூவும் அவருடைய குழுவினரும் இன்னும் கவனமாக, 27 ஜோடி முழங்கால்களை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். லிகமென்ட் இயல்பாக இருக்கும் திசையிலேயே இழுத்தபோது, 22 முதல் 35 வயதுக்காரர்களுடையது சராசரியாக 2,160 நியூட்டன் தாங்கியது. 60 வயதைத் தாண்டியவர்களுடையது 658தான். உலகெங்கும் ஒரு கிராஃப்ட்டின் வலுவைப் பற்றிப் பேசும்போது அந்த 2,160ஐத்தான் இன்றும் அளவுகோலாகச் சொல்கிறார்கள்.

நோயஸின் குழு 1984இல் இன்னொரு வேலையும் செய்தது. உடலில் எங்கெங்கிருந்து நார் எடுக்கலாமோ அவற்றையெல்லாம் இழுத்துப் பார்த்தது. முழங்கால் சில்லு நாணிலிருந்து 14 மில்லிமீட்டர் அகலத்துக்கு எடுத்த துண்டு, இளைஞர்களின் ஏ.சி.எல். தாங்கியதைப்போல 168 விழுக்காடு தாங்கியது. ஹாம்ஸ்ட்ரிங் நாண்களில் ஒன்றைத் தனி இழையாக இழுத்தபோது 70 விழுக்காடும், அதைவிட மெல்லிய இன்னொன்று 49 விழுக்காடும் தாங்கின. ஒற்றை இழையாக வைத்தால் போதாது என்பது எண்ணிலேயே தெரிந்துவிட்டது. இன்று ஹாம்ஸ்ட்ரிங் நாண்களை மடித்து நான்கு இழையாக்கி வைக்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இப்படி இழுத்துப் பார்த்த முழங்கால்கள் இருக்கின்றன.

எவ்வளவு தாங்கும் என்பது ஒரு கேள்வி. எந்த லிகமென்ட் எந்த அசைவைத் தடுக்கிறது என்பது வேறு கேள்வி, அதைவிடக் கடினமானது. பழைய ஆய்வாளர்கள் ஒரு லிகமென்ட்டை வெட்டுவார்கள், மூட்டு எவ்வளவு கூடுதலாக ஆடுகிறது என்று பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல். எதை முதலில் வெட்டுகிறோம், எதை இரண்டாவதாக வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 1980இல் டேவிட் பட்லரும் நோயஸும் குரூடும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். மூட்டைக் குறிப்பிட்ட சில மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தி, அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று அளந்தார்கள். பிறகு ஒரு லிகமென்ட்டை வெட்டிவிட்டு அதே தூரம் நகர்த்தினார்கள். விசை எவ்வளவு குறைந்ததோ அதுதான் அந்த லிகமென்ட் சுமந்த பங்கு. வெட்டும் வரிசை இனி ஒரு பொருட்டில்லை. கால் எலும்பு முன்னோக்கி நழுவுவதைத் தடுக்கும் விசையில் சுமார் 85 விழுக்காடு ஏ.சி.எல். ஒன்றே தருகிறது என்ற கணக்கு இங்கிருந்துதான் வந்தது. எளிமையும் நேர்மையும் சேர்ந்த ஒரு யோசனை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

பிறகு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வூவின் குழு இதே யோசனையை ரோபோவிடம் கொடுத்தது. உறையவைத்த முழங்காலை முந்தின நாளே வெளியே எடுத்து இளகவிடுவார்கள். மேலும் கீழும் எலும்பின் முனைகளைக் குழாய்களுக்குள் இறுக்கிப் பொருத்துவார்கள். நார்கள் காய்ந்துவிடாமல் உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருப்பார்கள். ரோபோ அந்த முழங்காலை மெல்ல மடக்கி நீட்டி, அது தன் இயல்பில் எந்தப் பாதையில் போகிறது என்று கற்றுக்கொள்ளும். மனிதருக்கு மனிதர் அந்தப் பாதை வேறு. அதன்பின் ஏ.சி.எல்.லை வெட்டிவிட்டு, முன்பு போன அதே பாதையில் மில்லிமீட்டர் பிசகாமல் திரும்ப நடத்திக் காட்டும். பின்பு மருத்துவர் வந்து கிராஃப்ட் வைப்பார். மறுபடி அதே சோதனை. அந்த ஒரே முழங்கால் நல்ல நிலையையும், அறுந்த நிலையையும், சரிசெய்த நிலையையும் அடுத்தடுத்துக் காட்டிவிடுகிறது. உயிருள்ள நோயாளியிடம் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வழியே கிடையாது.

இந்தச் சோதனைகள் அறுவை அரங்கின் வழக்கத்தையே மாற்றின. தொடை எலும்பில் துளையிடும் இடத்தை மருத்துவர்கள் கடிகார முகத்தை வைத்துச் சொல்வார்கள். நீண்ட காலம் துளை சற்று உச்சியில், 11 மணி நிலையில் விழுந்துகொண்டிருந்தது. முன்பின் ஆட்டம் நின்றது. ஆனால் காலை ஊன்றித் திரும்பும்போது மூட்டு சறுக்குகிறது என்று நோயாளிகள் சொன்னார்கள். 2003இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் ஆய்வு, துளையை 10 மணி நிலைக்கு இறக்கினால் திருகும் விசையைக் கிராஃப்ட் நன்றாகத் தாங்குகிறது என்று காட்டியது. அப்படியும் இயற்கை மூட்டின் முழு உறுதி திரும்பவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொன்னது. அதன்பின் பழைய லிகமென்ட் பற்றியிருந்த அதே தடத்தைத் தேடித் துளையிடும் பழக்கம் பரவியது.

இந்தத் தேடல் மிகப் பழையது. 1836இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம், எடுவர்ட் என்ற வெபர் சகோதரர்கள் மனித நடையின் இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். இறந்தவர்களின் முழங்காலில் குறுக்கு லிகமென்ட்டுகளை வெட்டி, மூட்டு முன்னும் பின்னும் எப்படி நழுவுகிறது என்று அதில் விவரித்தார்கள். அதே 1836இல்தான் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன் குப்தா, சமூகத்தின் கடும் எதிர்ப்பை மீறி, மனித உடலை அறுத்துப் பாடம் கற்பிக்கும் வழியைத் திறந்தார். மேற்கத்திய மருத்துவக் கல்வியில் அப்படிச் செய்த முதல் இந்தியர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனாலும் ஓரிடத்தில் முழங்காலின் விசைக்கணக்கு எழுதப்பட்ட ஆண்டில், நம் நாட்டில் உடலைத் தொடுவதற்கே துணிச்சல் தேவைப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முழங்காலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பியும் இப்படித்தான் பிறந்தது. 1918இல் டோக்கியோவில் பேராசிரியர் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கென்று இருந்த கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். காசநோய் தாக்கி முழங்கால் விறைத்துப்போனவர்கள் ஜப்பானில் அப்போது நிறைய. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து வாழும் மக்களுக்குக் கால் மடங்காமல் போவது வீட்டுக்குள்ளேயே அந்நியராகிப் போவதற்குச் சமம். பாய் விரித்துத் தரையில் உட்காரும் நமக்கு அந்த வேதனை விளங்கும். நோயை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்பதே தகாகியின் நோக்கம். அவருடைய மாணவர் மசாகி வதனாபே அந்தக் கருவியைச் செம்மைப்படுத்தி உலகத்துக்குக் கொடுத்தார்.

இவை எல்லாவற்றையும்விட நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, 134 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பேசப்பட்ட ஒரு சிறு நாரின் கதை.

1879. பாரிஸில் பால் செகோன் என்ற அறுவை மருத்துவர் இறந்தவர்களின் முழங்காலை உட்பக்கமாக வலுவாகத் திருகி, உள்ளே என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். மூட்டின் வெளிப்புறத்தில், கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு சின்ன எலும்புத் துணுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிய்ந்து வந்தது. அந்த இடத்தில் முத்து நிறத்தில், உறுதியான ஒரு நார்ப்பட்டை இருப்பதாகவும், திருகும்போது அது விறைத்து எலும்பைப் பிய்த்துவிடுவதாகவும் எழுதினார். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். எக்ஸ்ரே வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, கையாலும் கண்ணாலும் மட்டும் செகோன் இதைக் கண்டார். பிற்காலத்தில் எக்ஸ்ரே படத்தில் அந்தத் துணுக்கு தெரிந்தால் உள்ளே ஏ.சி.எல். அறுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று மருத்துவர்கள் கற்றார்கள். முறிவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த நார்ப்பட்டை மட்டும் பாடநூல்களில் தெளிவான இடம் பெறாமல், ஆளுக்கொரு பெயரில் ஆங்காங்கே தலைகாட்டிக்கொண்டிருந்தது.

2013இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஸ்டீவன் கிளாஸ், யோஹான் பெல்லமன்ஸ் ஆகியோரின் குழு அதைத் தேடிப் புறப்பட்டது. ஏ.சி.எல். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்த பிறகும், திரும்பும்போது மூட்டு நழுவுகிறது என்று சொல்கிற நோயாளிகள்தான் அவர்களைத் தேட வைத்தவர்கள். 41 முழங்கால்களை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அந்த நார் இருந்தது. தொடை எலும்பின் வெளிப்புற முகட்டில் தொடங்கி, சாய்வாக முன்னோக்கி இறங்கி, செகோனின் துணுக்கு பிய்ந்து வரும் அதே இடத்தில் பற்றியிருந்தது. ஏ.எல்.எல். என்று அதை அழைத்தார்கள். மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிப்பு என்று உலகப் பத்திரிகைகள் தலைப்பிட்டன. புதிது என்று சொல்வது சரியில்லை. லூவன் குழுவே செகோனிடமிருந்துதான் தொடங்கியது.

அதன்பின் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. கேள்விகள் எழுந்தன. சில ஆய்வகங்களில் அந்த நார் எல்லா முழங்காலிலும் தெரிந்தது. வேறு சிலவற்றில் பாதியில்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. ஃபார்மலினில் பதப்படுத்திய உடலில் திசுக்கள் இறுகிவிடும், கத்தியே ஒரு நாரை உருவாக்கிவிட முடியும் என்றார்கள் சிலர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்ட்ரூ ஏமிஸின் குழு ரோபோவில் வைத்து அளந்தது. 2016இல் வந்த அந்த முடிவின்படி, மடங்கிய முழங்கால் உட்பக்கம் திரும்புவதைத் தடுப்பதில் ஏ.எல்.எல்.லின் பங்கு சிறியது. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் அகன்ற நார்ப்பட்டையே அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது. அடுத்த ஆண்டு பல நாட்டு வல்லுநர்கள் லண்டனில் கூடி, தனியொரு லிகமென்ட் என்று பார்க்காமல் பல அடுக்குகள் சேர்ந்து இயங்கும் ஒரு தொகுதியாக அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள்.

யார் வென்றார் என்று நான் பார்க்கவில்லை. கருத்து மாறுபட்ட ஒவ்வொருவரும் தம் வாதத்தை நிறுவ மறுபடியும் அறுக்கும் மேசைக்கே போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அங்கே புதிதாக ஒருவர் தம் முழங்காலைக் கொடுத்திருந்தார். கடைசியில் பயன் நோயாளிக்கு வந்தது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஏ.சி.எல். அறுந்த 618 இளைஞர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஆலன் கெட்குட் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட். இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கும் அந்த அகன்ற நார்ப்பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து வெளிப்பக்கத்தையும் இறுக்கிக் கட்டினார்கள். 2020இல் வெளியான முடிவில், இரண்டு ஆண்டுக்குள் கிராஃப்ட் மறுபடி அறுந்தவர்கள் முதல் பிரிவில் 11 விழுக்காடு. இரண்டாவது பிரிவில் 4 விழுக்காடு. வெளிப்பக்கத்தைக் கட்டும் உத்தி பழையதுதான். 1960களிலேயே பிரான்சில் மார்செல் லெமேர் செய்தார். இடையில் வழக்கொழிந்து போயிருந்தது. யாருக்கு, எங்கே, ஏன் கட்ட வேண்டும் என்ற தெளிவோடு அது திரும்பி வந்ததற்கு இறந்தவர்களின் முழங்கால்கள் பெரிய காரணம்.

மூட்டின் பின்-வெளிப்புற மூலைக்கும் இதுபோன்ற கதை உண்டு. முழங்காலின் இருண்ட பக்கம் என்று மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். அங்கே காயம் இருப்பதைக் கவனிக்காமல் ஏ.சி.எல்.லை மட்டும் சரிசெய்தால் கிராஃப்ட்டின் மேல் விழும் இழுவை கூடிவிடுகிறது என்று 1999இல் ராபர்ட் லாப்ரேட் குழு இறந்தவர்களின் முழங்கால்களில் அளந்து காட்டியது. 2003இல் அந்த மூலையின் வரைபடத்தையே அவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் போட்டுத் தந்தார்கள். வெளிப்பக்க லிகமென்ட்டும் அதன் அருகே ஓடும் பாப்ளிட்டியஸ் நாணும் தொடை எலும்பில் பற்றும் இடங்களுக்கு நடுவே சராசரியாக 18.5 மில்லிமீட்டர். அந்தத் தூரம் தெரிந்த பிறகுதான் இரண்டுக்கும் தனித்தனித் துளை என்ற முறை உறுதிப்பட்டது.

இறந்தவரின் முழங்கால் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அதில் தசை இழுக்காது, ரத்தம் ஓடாது, காயம் ஆறாது. கிராஃப்ட் வைத்த நாளின் வலுவை அது சரியாகச் சொல்லும்; ஆறாவது வாரத்தில் என்ன ஆகும் என்று சொல்லாது. பொருத்திய நார் முதலில் வலுவிழந்து, உடல் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்ட பிறகே மெல்லத் தேறுகிறது என்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள்தான் காட்டின. 1980களில் செயற்கை இழைகளால் ஆன லிகமென்ட்டுகள் வந்தன. இழுவைச் சோதனையில் அவற்றுக்கு அபார வலு. மனிதர்களின் காலுக்குள் போனபின் தேய்ந்தன, அறுந்தன. உதிர்ந்த துகள்களால் மூட்டு வீங்கியது. பல நோயாளிகள் அதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள். ஆகவே, மேசையில் வென்றுவிட்டது என்பதை வைத்து மட்டும் ஒரு புதிய முறையை உங்களுக்கு யாராவது பரிந்துரைத்தால், உயிருள்ள நோயாளிகளிடம் சில ஆண்டுகளுக்குப் பிறகு அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

ஆய்வுக்கு மட்டுமின்றிப் பயிற்சிக்கும் இந்த உடல்கள் வேண்டும். முழங்காலின் பின்புறத்தில், பி.சி.எல். பற்றும் இடத்துக்கு மிக நெருக்கமாகக் காலின் முக்கிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே துளையிடும் கருவி கொஞ்சம் கூடுதலாகப் போனால் காலையே இழக்க நேரிடலாம். அந்த இடத்தில் முதன்முதலாகத் துளையிடும் கை, உயிருள்ள ஒருவரின் காலில் அதைச் செய்யக் கூடாது. ஃபார்மலினில் வைத்த உடல் விறைத்துவிடும், மூட்டு மடங்காது. அதனால் இத்தகைய பயிற்சிக்கு உறையவைத்த உடல்களையோ, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் தீல் 1992இல் வெளியிட்ட முறையில் மென்மை கெடாமல் பதப்படுத்திய உடல்களையோ பயன்படுத்துகிறார்கள்.

இந்த உடல்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் வரலாறு நம்மைத் தலைகுனிய வைக்கும். எடின்பரோவில் 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்பதற்காகவே பதினாறு பேரைக் கொன்றார்கள். அதன்பின் பிரிட்டன் 1832இல் சட்டம் போட்டது. கொலையும் கல்லறைக் கொள்ளையும் நின்றன. ஆனால் உரிமைகோர யாருமற்ற ஏழைகளின் உடல்கள் மேசைக்கு வந்தன. நம் மாநிலத்தில் 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டமும் யாரும் உரிமைகோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குத் தரவே வழி செய்தது. நம் மருத்துவர்களில் எத்தனையோ தலைமுறையினர், அனாதை என்று எழுதப்பட்ட மனிதர்களிடம்தான் பாடம் கற்றார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நடைபாதையில் இறந்த ஒருவருக்கு, அவர் உயிரோடு இருந்தபோது நம் சமூகம் எதுவும் தரவில்லை. இறந்தபின் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இந்தக் கடனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மனமுவந்து கொடுப்பவர்கள் பெருகினால்தான் கேட்காமல் எடுப்பது குறையும்.

தைவானில் ஹுவாலியென் நகரின் ட்சூ சி மருத்துவக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. உடலைத் தொடுவதற்கு முன்பே மாணவர்கள் அதைக் கொடுத்தவருடைய குடும்பத்தாரைச் சந்திக்கிறார்கள். அவர் என்ன வேலை பார்த்தார், எப்படிப்பட்டவர் என்று கேட்டு எழுதிவைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் உடலை மறுபடி தைத்து, உடை உடுத்தி, குடும்பத்தோடு நின்று இறுதிச் சடங்கு செய்கிறார்கள். நம் கல்லூரிகளிலும் உடற்கூறியல் வகுப்பின் முதல் நாளில் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கும் வழக்கம் பரவிவருகிறது. நல்ல தொடக்கம். குடும்பத்தாரை அழைத்து நன்றி சொல்லும் நாள் ஒன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் வர வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் சிலருக்கு உடலைத் தானமாகக் கொடுக்கும் எண்ணம் ஏற்கெனவே இருக்கலாம். அவர்களுக்காகச் சில விவரங்கள். உறுப்பு தானமும் உடல் தானமும் வேறுவேறு. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து சிறுநீரகம், கல்லீரல் முதலியவற்றைப் பெற்று இன்னொருவருக்குப் பொருத்துவது உறுப்பு தானம். முழு உடலையும் படிப்புக்கும் ஆய்வுக்கும் தருவது உடல் தானம். உறுப்புகள் எடுத்த உடலைப் பொதுவாகக் கல்லூரிகள் ஏற்பதில்லை. கண் தானம் மட்டும் இதற்குத் தடையில்லை. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களைக் கொடுத்துவிட்டு, உடலையும் கொடுக்கலாம். பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டிய மரணங்களிலும், சில தொற்றுநோய்கள் இருந்தாலும் உடலை ஏற்க மாட்டார்கள். வயது ஒரு தடையில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் கிடைக்கும். குடும்பத்தாரையும் கூட அழைத்துப் போய்க் கையெழுத்திடுவது நல்லது.

குடும்பத்தாரை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட படிவம் பீரோவுக்குள் இருக்கும். நீங்கள் இறக்கும் அன்றைக்கு முடிவெடுக்கப் போவது உங்கள் மனைவியோ, மகனோ, மகளோ, அண்ணன் தம்பிகளோதான். சடங்கு என்ன ஆவது, ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விகளெல்லாம் அந்தத் துக்க நேரத்தில் அவர்கள்மேல் வந்து விழும். கொடுக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கல்லூரி வற்புறுத்தாது. ஆகவே விருப்பம் உள்ளவர்கள் இப்போதே, நல்லபடியாக இருக்கும்போதே, வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு நாளில் அதைப் பேசிவிடுங்கள். எந்தக் கல்லூரி, எந்தத் தொலைபேசி எண் என்பதையும் அவர்கள் கையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இறந்த சில மணி நேரத்துக்குள் அவர்கள்தான் தகவல் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்